பெரிய தொட்டியில் வேட்டை மீன்கள்: எதோடு எது சேரும்

கடையில் எல்லாமே 3 இன்ச் அளவில்தான் இருக்கும். அரோவானா, ரெட்டெய்ல் கேட்ஃபிஷ், ஆஸ்கர், பிச்சிர் எல்லாம் ஒரே கண்ணாடிக்குள் சாதுவாக நீந்திக்கொண்டிருக்கும். நான்கையும் வாங்கிப் பெரிய தொட்டியில் விட்டால் முதல் இரண்டு மாதம் ஒரு சிக்கலும் வராது. ஆறாவது மாதவாக்கில் ரெட்டெய்ல் ஒரு அடியை எட்டியிருக்கும், பிச்சிர் காணாமல் போயிருக்கும். சண்டை எதுவும் நடந்திருக்காது. ஒன்று வேகமாக வளர்ந்தது, இன்னொன்று மெதுவாக வளர்ந்தது, ஒருநாள் இரவில் இதன் வாய்க்கு அது அடங்கிவிட்டது. அவ்வளவுதான்.

வேட்டை மீன் என்றதும் எல்லோரும் முரட்டுத்தனத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதைவிட வாயின் அகலம், வளரும் வேகம், நீரில் தங்கும் மட்டம் ஆகிய மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதி இழப்பைத் தவிர்க்கலாம்.

படி 1: பட்டியல் முதலில், தொட்டி பிறகு

விரும்பும் மீன்களின் பெயர்களைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக அதன் முழு நீளம், முதல் ஓராண்டில் எட்டும் நீளம், தங்கும் மட்டம் ஆகியவற்றைக் குறியுங்கள். சில்வர் அரோவானா தொட்டியில் 30 முதல் 36 இன்ச் வரை போகும்; நன்றாகத் தின்றால் முதல் ஆண்டிலேயே ஒன்றரை அடியைத் தாண்டும். ஆஸ்கர் 12 முதல் 14 இன்ச்சில் நின்றுவிடும்; குஞ்சுப் பருவத்தில் மாதம் ஒரு இன்ச் போல வளரும். டேட்னாய்ட் எனப்படும் புலிவரி மீன் 16 இன்ச்சுக்கு மேல் போகக்கூடியது, ஆனால் அங்கே போய்ச்சேர ஆண்டுக்கணக்கில் ஆகும். இந்த மூன்றையும் 4 இன்ச் குஞ்சுகளாக ஒரே நாளில் விடுவது டேட்னாய்டுக்குச் செய்யும் துரோகம். மெதுவாக வளரும் இனத்தைப் பெரிய அளவில் வாங்குங்கள், வேகமாக வளரும் இனத்தைச் சிறிய அளவில் வாங்குங்கள். 8 இன்ச் டேட்னாய்டும் 5 இன்ச் அரோவானாவும் சேர்ந்து தொடங்கினால் ஓராண்டுக்குப் பிறகும் ஒன்றின் வாய்க்கு மற்றது அகப்படாது.

வாய்க்கு அடங்குமா என்று பார்க்கும்போது நீளத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. உடலின் உயரம்தான் முக்கியம். சில்வர் டாலர் 6 இன்ச்தான், ஆனால் வட்டத் தட்டு போன்ற உடல் என்பதால் தன்னைவிட மூன்று மடங்கு நீளமான மீனோடும் பிழைத்துக்கொள்ளும். அதே 6 இன்ச்சில் உருண்டு நீண்ட மீன் என்றால் பீகாக் பாஸ் என்ற பெருவாய் மீன் ஒரே உறிஞ்சலில் விழுங்கிவிடும். சேர்க்கும் மீனின் உடல் உயரம், தொட்டியில் உள்ள பெரிய வாயின் திறப்பைப்போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். கேட்ஃபிஷ் வாய்க்கு இந்தக் கணக்குப் போதாது; அதன் வாய் தலையின் முழு அகலத்துக்கும் திறக்கும்.

“தொட்டிக்குத் தகுந்தாற்போல் மீன் வளரும்” என்பதை நம்ப வேண்டாம். சிறிய தொட்டியில் மீன் குட்டையாக நிற்பது உண்டு. கழிவு தேங்கிய நீரும் நகர இடமில்லாததும் வளர்ச்சியை முடக்குவதால் அப்படி ஆகிறது. முதுகு வளைந்து, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்து, ஆயுளும் குறையும்.

படி 2: தொட்டியின் அளவு

வேட்டை மீனுக்கு உயரத்தைவிடத் தரைப்பரப்புதான் முக்கியம். நீளம் முழு வளர்ந்த மீனைப்போல மூன்று மடங்காவது, அகலம் குறைந்தது அதன் நீளமளவு இருக்க வேண்டும். அகலம் குறைந்தால் மீன் திரும்பும்போதெல்லாம் உடலை வளைத்து, வால் கண்ணாடியில் உரசும். கார் (gar) எனப்படும் நீண்ட மீனின் உடல் விறைப்பானது, வளையவே வளையாது. அதற்கு அகலம் இன்னும் முக்கியம்.

6 × 2 × 2 அடித் தொட்டி சுமார் 680 லிட்டர். அதில் ஆஸ்கர் அளவு மீன்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அரோவானா வேண்டாம். 8 × 3 × 2 அடி என்றால் சுமார் 1,360 லிட்டர். சில்வர் அரோவானாவுக்கு இது குறைந்தபட்சம். அகலம் 4 அடி கிடைத்தால் இன்னும் நல்லது. 2 அடி நீருக்குக் கண்ணாடி 12 மி.மீ.க்குக் குறையக் கூடாது, மேல்விளிம்பில் சுற்றுப் பட்டையும் வேண்டும்.

8 அடித் தொட்டியில் நீர் மட்டுமே 1.36 டன். கண்ணாடி, ஸ்டாண்ட், சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) எல்லாம் சேர்ந்தால் 2 டன்னை நெருங்கும். தரைத்தளம்தான் சரி. மாடியில் வைத்தே ஆக வேண்டும் என்றால் கட்டுமானப் பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகு வையுங்கள். ஸ்டாண்ட் மட்டம் 2 மி.மீ. தவறினாலும் காலப்போக்கில் கண்ணாடி இணைப்பில் அழுத்தம் ஏறும்.

படி 3: மூடி, ஹீட்டர், தரை

அரோவானா இறப்பதற்கு நோயைவிடத் தரையில் விழுவது பெரிய காரணம். இரண்டு அடி மீன் பாயும்போது தளர்வாக வைத்த கண்ணாடி மூடி நகர்ந்துவிடும், சில சமயம் உடையும். பாலிகார்பனேட் தகடு அல்லது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை போட்டுக் கொக்கியால் பூட்டுங்கள். நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே 3 இன்ச் இடைவெளி விடுங்கள். பிச்சிரும் கார் மீனும் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும் இனங்கள். குழாய்க்காக வெட்டிய ஓட்டைகளை ஸ்பாஞ்சால் அடைத்துவிடுங்கள். தலை நுழையும் ஓட்டையில் பிச்சிரின் உடலும் நுழைந்துவிடும்.

கண்ணாடி ஹீட்டரைத் தொட்டிக்குள் வைத்தால் ஒருநாள் உடையும். சம்ப்புக்குள் வையுங்கள், தனி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியோடு. 26 முதல் 29 டிகிரி செல்சியஸ் இங்கே பேசும் எல்லா இனத்துக்கும் பொருந்தும். தரை வெறுமையாகவோ மெல்லிய மணலாகவோ இருக்கட்டும். இரையோடு சேர்த்து விழுங்கிய கூழாங்கல் குடலில் அடைக்கும். அலங்காரம் என்று இரண்டு வழவழப்பான மரக்கட்டை போதும்.

படி 4: சம்ப்

புரதம் நிறைந்த தீனி தின்னும் பெரிய மீன்கள் என்பதால் கழிவும் அதற்கேற்ப இருக்கும். மூடிய டப்பா போன்ற கனிஸ்டர் ஃபில்டர்களை மட்டும் நம்பி 8 அடித் தொட்டியை நடத்துவது கடினம். தொட்டியில் நான்கில் ஒரு பங்கு கொள்ளளவில் சம்ப் வையுங்கள். 1,360 லிட்டருக்கு 300 முதல் 350 லிட்டர். மணிக்கு ஆறு முறை நீர் சுற்ற வேண்டும், அதாவது 8,000 லிட்டர். பம்ப் அட்டையில் போட்டிருக்கும் எண் உயரமே இல்லாமல் ஓடும்போது கிடைப்பது. ஐந்தாறு அடி ஏற்றினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதனால் 12,000 லிட்டர் பம்ப் வாங்குங்கள். ஒரே பெரிய பம்புக்குப் பதில் 6,000 லிட்டரில் இரண்டு வைத்தால் ஒன்று நின்றாலும் மற்றது தாங்கும்.

நீர் முதலில் ஃபில்டர் சாக் எனும் வடிகட்டித் துணிப்பை அல்லது ஸ்பாஞ்ச் வழியாக வரட்டும். சாக்கை மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவாவிட்டால், பிடித்த கழிவு அங்கேயே அழுகி மறுபடி நீரில்தான் கரையும். அடுத்த அறையில் பாக்டீரியா ஒட்டி வளரச் சுழலும் பிளாஸ்டிக் மீடியா, அடியில் வலுவான காற்று. மீடியா அறையின் பாதி அளவுக்கு மேல் நிரப்பினால் சுழலாது.

புதியவர்கள் தவறவிடும் ஒரு கணக்கு இது. 8 × 3 அடிப் பரப்பில் 1 செ.மீ. நீர் என்பது 22 லிட்டர். நீர் திரும்பும் குழாயின் வாய் மேற்பரப்புக்கு 5 செ.மீ. கீழே இருந்தால், மின்சாரம் நின்றவுடன் அந்தக் குழாய் சைஃபன் ஆகி 110 லிட்டரைச் சம்ப்புக்கு இறக்கும். குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 5 மி.மீ. ஓட்டை போட்டால் காற்று நுழைந்து சைஃபன் அறுந்துவிடும். அந்த ஓட்டையில் பாசி அடைக்காமல் மாதம் ஒருமுறை குத்திவிடுங்கள். நீர் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் செக் வால்வை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு நத்தை ஓடு மாட்டினாலே மூடாது. எல்லாம் பொருத்தியதும் மீன் வருவதற்கு முன்பே மெயின் ஸ்விட்சை அணைத்துச் சம்ப் வழிகிறதா என்று பாருங்கள்.

படி 5: மீன் இல்லாமலே சைக்கிள்

புதுத் தொட்டியில் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா உருவாக 4 முதல் 6 வாரம் ஆகும்; இதைத்தான் சைக்கிள் என்கிறார்கள். அதுவரை மீன் வேண்டாம். குளோரின் நீக்கிய நீரில் அமோனியம் குளோரைடு போடுங்கள். 1,400 லிட்டருக்கு 9 கிராம் போட்டால் அமோனியா சுமார் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மி.கி.) வரும். ஓடிக்கொண்டிருக்கும் ஆரோக்கியமான தொட்டியிலிருந்து பழைய மீடியா கொஞ்சம் கிடைத்தால் காலம் பாதியாகக் குறையும். போட்ட 2 பிபிஎம் அமோனியா 24 மணி நேரத்தில் மறைந்து, நைட்ரைட்டும் சுழியம் காட்டினால் தயார்.

இந்த நிலையில் தொட்டி தாங்கக்கூடியது ஒரு நாளுக்கு ஏறக்குறைய 70 கிராம் பெல்லட்டின் (உலர்ந்த குருணைத் தீனி) கழிவு. குஞ்சுகளுக்கு அது தாராளம். பெரிய மீன்களை நேரடியாக விடுவதாக இருந்தால் இந்த எண்ணை மனதில் வைத்துத் தீனியை வாரம் வாரம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

குளோரின் நீக்கியைத் தொட்டியின் முழு அளவுக்குக் கணக்கிடுங்கள். நீரை ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் போகும், குளோரமைன் போகாது. குழாய் நீரில் எது கலக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் இரண்டையும் நீக்கும் மருந்தே வாங்குங்கள்.

படி 6: எதோடு எது

இங்கேதான் அவசரப்படக் கூடாது. மேல்மட்டம், நடுமட்டம், தரை என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒரு தலைவன் போதும்.

மேல்மட்டத்துக்குச் சில்வர் அரோவானா ஒன்று. இரண்டு வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான எண்; ஒன்று மற்றதை விரட்டியே கொல்லும். ஆசிய அரோவானா பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்டிஸின் முதல் பட்டியலில் இருக்கும் இனம். மைக்ரோசிப்பும் சான்றிதழும் இல்லாமல் யார் விற்றாலும் வாங்காதீர்கள். ஜார்டினி அரோவானா விலை குறைவென்று ஆசை காட்டும்; கூட்டுத் தொட்டிக்கு அதன் குணம் ஒத்துவராது.

நடுமட்டத்துக்கு டேட்னாய்ட் ஒன்று, அல்லது நான்கைந்து. இரண்டாக விட்டால் வலியது மெலியதை மூலையில் ஒடுக்கும். மஞ்சளும் கறுப்புமாகப் பளிச்சென்று இருக்க வேண்டிய மீன் முழுக்கக் கறுத்துப்போனால் மிரண்டிருக்கிறது என்று பொருள்; கடையில் கறுத்து நிற்பதை வாங்க வேண்டாம். டேட்னாய்ட் என்ற பெயரில் விற்கும் சில இனங்கள் உவர்நீருக்குரியவை, நன்னீரில் மெல்ல மெல்ல நலிந்துபோகும். இனத்தை உறுதி செய்த பிறகு பணம் கொடுங்கள்.

தரைக்குப் பிச்சிர். வேட்டைத் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான தரைமீன் கிடையாது: கடினமான செதில், நிதானமான குணம், நீர் சற்று மோசமானாலும் தாங்கும். செனகல் பிச்சிர் 12 இன்ச், டெல்ஹெஸி 14, ஆர்னேட் 20க்கு மேல், எண்ட்லிச்செரி 2 அடியைத் தாண்டும். 8 அடித் தொட்டியில் நடுத்தர இனங்களாக நான்கு வைக்கலாம். குஞ்சுப் பருவத்தில் தலைக்குப் பின்னால் இறகு போல வெளிச்செவுள் இருக்கும். மற்ற மீன்கள் அதைப் புழு என்று நினைத்துக் கடிக்கும். அது மறைந்த, 6 இன்ச்சுக்கு மேற்பட்டவற்றையே வாங்குங்கள். பிச்சிருக்குக் கண் மங்கல், மூக்குதான் வழிகாட்டி. அதனால் தீனிக்குப் போட்டி போட முடியாமல் பட்டினி கிடக்கும். அதற்கான வழி தீனிப் பகுதியில் இருக்கிறது.

இவற்றோடு சில்வர் டாலர் ஏழெட்டு. இவை திறந்த வெளியில் நீந்திக்கொண்டிருந்தால் கூச்சமுள்ள டேட்னாய்டும் வெளியே வரும். அரோவானா ஒன்று, டேட்னாய்ட் ஒன்று, பிச்சிர் நான்கு, சில்வர் டாலர் எட்டு: 8 × 3 × 2 அடிக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஆறு மாதம் வரை தொட்டி காலியாகத்தான் தெரியும். அந்தக் காலியிடத்தைப் பார்த்து இன்னொன்று வாங்கத் தூண்டும். அங்கேதான் பலரும் சறுக்குவது.

பீகாக் பாஸ் வேண்டும் என்பவர்கள் அரோவானாவை விட்டுவிடுவது நல்லது. மோனாகுலஸ், கெல்பெரி போன்ற சிறிய இனங்களே ஒன்றரை அடி வரும். டெமென்சிஸ் 30 இன்ச்சைத் தாண்டும், வீட்டுக்கு ஆகாது. ஒன்றிரண்டாக இருந்தால் மற்ற மீன்களிடம் வம்பு செய்யும். ஐந்தாக விட்டால் தங்களுக்குள்ளேயே அடுக்கு வகுத்துக்கொள்ளும். பசி அடங்காத மீன். மெதுவாகத் தின்னும் டேட்னாய்டுக்கு ஒரு துண்டும் மிஞ்சாது. ஐந்து பீகாக் பாஸ், மூன்று பிச்சிர், பிறகு நீண்ட உடலுள்ள ஃப்ளோரிடா கார் ஒன்று என்றால் ஒத்துப்போகும். கார் யாரையும் வம்புக்கு இழுக்காது, அதன் வாலைத்தான் மற்றவை கடிக்கும்.

6 அடித் தொட்டிக்கு: ஆஸ்கர் ஒன்று, செனகல் பிச்சிர் மூன்று, சில்வர் டாலர் ஆறு. ஆஸ்கர் இரண்டு வைத்து அவை ஜோடி சேர்ந்து முட்டையிட்டால் பாதித் தொட்டியைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் எதிர்மூலைக்குத் துரத்தும். ஆஸ்கரை அரோவானாவோடு வைப்பவர்கள் நிறைய உண்டு. அவர்கள் தொட்டியில் அரோவானாவின் பக்கவாட்டுச் செதில்கள் எத்தனை உதிர்ந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

க்ளௌன் நைஃப் அழகான மீன். இரவில் நடமாடும், 30 இன்ச்சைத் தாண்டும். வைத்தால் ஒன்றே ஒன்று, அதுவும் அரோவானாவுக்குப் பதிலாக.

வேண்டவே வேண்டாம் என்பவற்றையும் சொல்லிவிடலாம். ரெட்டெய்ல் கேட்ஃபிஷ் 4 அடி. தன் நீளத்தில் பாதி உள்ள மீனையும் விழுங்கப் பார்க்கும். டைகர் ஷவல்நோஸ் 3 அடி. பங்காசியஸ் மிரண்டு கண்ணாடியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும். அலிகேட்டர் கார் ஆறு அடியைத் தாண்டும். ஜயண்ட் ஸ்நேக்ஹெட், சிவப்பு வயிற்றுப் பிரானா, ஃப்ளவர்ஹார்ன், டோவி ஆகியவை தங்கள் இனத்தோடு அல்லது தனியாக இருக்க வேண்டியவை. இவற்றில் சிலவற்றை வைத்திருப்பதே பல இடங்களில் சட்டவிரோதம். உங்கள் பகுதிச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். நன்னீர்த் திருக்கை அகலமான தொட்டியும் அமோனியா வாடையே படாத நீரும் கேட்கும், வாலில் நச்சு முள்ளும் உண்டு. இரண்டு ஆண்டு அனுபவம் வந்த பிறகு யோசிக்கலாம்.

“கண்ணாடியைச் சுத்தம் செய்ய” என்று ப்ளெக்கோ சேர்ப்பது பழைய பழக்கம். சாதாரண ப்ளெக்கோ ஒன்றரை அடி வளரும், பாசி தின்பதைவிட அதிகம் கழிக்கும். இரவில் அசையாமல் கிடக்கும் மீனின் உடல் சவ்வை உறிஞ்சி எடுக்கும். மறுநாள் வட்டவட்டமான வெள்ளைத் தழும்பு தெரியும். சிறிய கேட்ஃபிஷ் எதையும் வேட்டைத் தொட்டியில் விடாதீர்கள். விழுங்கப்படும்போது பக்கத் துடுப்பு முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும். தொண்டையில் சிக்கி இரண்டும் சாகும். அப்படிச் சிக்கினால் பிடித்து இழுக்காதீர்கள். ஈரத் துணியில் மீனைப் பிடித்து, வெளியே தெரியும் முள்ளைக் கட்டரால் அடியோடு வெட்டிய பிறகே மெதுவாக எடுக்க வேண்டும்.

படி 7: தனித்தொட்டியில் 4 வாரம்

200 லிட்டர் தனித்தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர், இறுக்கமான மூடி. புது மீன் எதுவானாலும் 4 வாரம் இங்கே இருக்கட்டும். இயற்கையில் பிடித்த பிச்சிர்களின் உடலில் ஒட்டுப்புழு இருப்பது சகஜம். உற்றுப் பார்த்தால் செதில் மேல் மெல்லிய நூல் துணுக்கு போல நெளியும். பிராசிகுவான்டெல் லிட்டருக்கு 2 மி.கி., அதாவது 200 லிட்டருக்கு 0.4 கிராம். நீரில் எளிதில் கரையாத தூள் அது. சிறிது எத்தனாலில் குழைத்து ஊற்றுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாதி நீர் மாற்றி இன்னொரு முறை. செம்பு, ஃபார்மலின் கலந்த மருந்துகளைப் பிச்சிருக்கும் திருக்கைக்கும் கொடுக்கத் துணியாதீர்கள்.

நீண்ட பயணத்தில் வந்த மீனுக்கு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக நீர் விட்டுப் பழக்க வேண்டாம். பையில் சேர்ந்த அமோனியா, பிஎச் (நீரின் அமில-கார அளவு) தாழ்ந்திருப்பதால் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்து புது நீர் சேர்த்ததும் பிஎச் ஏறி அது நஞ்சாகிவிடும். மூடிய பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்து, திறந்தவுடன் மீனை மட்டும் மாற்றுங்கள்.

படி 8: விடும் வரிசை

சில்வர் டாலர் முதலில், இரண்டு வாரம் கழித்துப் பிச்சிர், பிறகு டேட்னாய்ட். அரோவானா கடைசியில், குஞ்சாக. இடம் பிடிக்கும் குணமுள்ள ஆஸ்கரும் பீகாக் பாஸும் எப்போதும் கடைசி. முன்பே இருப்பவற்றுக்கு வயிறு நிறையத் தீனி போட்டு, மரக்கட்டைகளை இடம் மாற்றி, மாலையில் விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். முதல் இரவு சின்ன நீல விளக்கு ஒன்று எரியட்டும். முழு இருட்டில் மிரண்டால் மீன் பாயும்.

ஆண்டுக்கணக்கில் தனியாக இருந்த அரோவானாவோடு புதிதாக எதையும் சேர்ப்பது சூதாட்டம். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் ஓட்டை போட்ட அக்ரிலிக் தடுப்பை ஒரு வாரம் இடையில் வையுங்கள்.

படி 9: தீனி

இரைக்காகவே விற்கும் உயிருள்ள ஃபீடர் மீன்கள் வேண்டாம். நோயும் ஒட்டுண்ணியும் அதில்தான் வருகின்றன. போதாக்குறைக்கு, பொன்மீனில் தயாமினேஸ் என்ற நொதி உண்டு. அதையே தின்று வளரும் மீனுக்கு பி1 உயிர்ச்சத்துக் குறைந்து, சமநிலை தவறிச் சுழன்று நீந்தத் தொடங்கும். மாட்டு இதயம், கோழி போன்றவற்றின் கொழுப்பு மீனுக்குச் செரிக்காமல் ஈரலில் படியும்.

உயிருள்ள இரைக்கே பழகிய மீனைப் பெல்லட்டுக்கு மாற்ற மூன்று நான்கு நாள் பட்டினி போடுங்கள். பிறகு இறால் துண்டை இடுக்கியில் பிடித்து அசைத்துக் காட்டுங்கள். இறாலுக்குப் பழகிய பிறகு அதற்குள் பெல்லட்டைச் செருகி, வாரம் வாரம் இறாலைக் குறைக்கலாம். ஆரோக்கியமான வளர்ந்த மீன் இரண்டு வாரம் தின்னாவிட்டாலும் ஒன்றும் ஆகாது; இரக்கப்பட்டு ஃபீடர் மீனை விட்டால் மறுபடி முதலிலிருந்துதான். குஞ்சுகளுக்கு மட்டும் இந்தப் பட்டினியை ஒரு நாளுக்கு மேல் நீட்டாதீர்கள்.

6 இன்ச்சுக்குக் கீழே உள்ளவற்றுக்குத் தினம் இரண்டு முறை. ஓரடி தாண்டியவற்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். முழு வளர்ந்தவற்றுக்கு வாரம் மூன்று முறை, வயிறு லேசாகப் புடைக்கும் அளவு. இறாலின் தலைக்கொம்பை வெட்டிவிடுங்கள், ஓடு இருக்கலாம். மேல்மட்ட மீன்களுக்கு மிதக்கும் பெல்லட்டைத் தொட்டியின் ஒரு முனையில் போட்டுவிட்டு அதே நேரத்தில் மறுமுனையில் டேட்னாய்டுக்குத் துண்டு கொடுங்கள். விளக்கணைத்து அரைமணி நேரம் கழித்துப் பிச்சிர்களுக்கு மூழ்கும் பெல்லட். கால்மணி நேரத்தில் தின்னாமல் கிடப்பதை எடுத்துவிடுங்கள்.

படி 10: நீர்

வாரம் 40 சதவீதம் மாற்றுங்கள். நைட்ரேட் 40 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. பழைய நீரும் ஆக்சிஜன் குறைவும் சேர்ந்தால் அரோவானாவின் செவுள் மூடி ஓரம் வெளியே சுருளும். தொடக்கத்திலேயே கவனித்தால் நீரை மேம்படுத்திச் சரிசெய்யலாம், முற்றினால் முடியாது.

ஒரு வருடம் நன்றாக ஓடிய தொட்டி ஒரே இரவில் மொத்தமாகச் சாவதற்குப் பல சமயம் கேஎச் (நீரின் கார்பனேட் காரத்தன்மை) குறைவதுதான் காரணம். பாக்டீரியா அமோனியாவை மாற்றும்போது நீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே இருக்கும். 100 கிராம் பெல்லட்டின் கழிவு 20 கிராம் அளவுக்குக் காரத்தன்மையைக் கரைக்கும். கேஎச் தீர்ந்ததும் பிஎச் 6க்குக் கீழே சரியும், பாக்டீரியா வேலையை நிறுத்தும், அமோனியா சேரும். தாழ்ந்த பிஎச்சில் அது பெரும்பாலும் அமோனியம் வடிவில் இருப்பதால் மீன் எப்படியோ சமாளிக்கும். மீன் சோர்ந்திருக்கிறதே என்று நீங்கள் 60 சதவீதம் புது நீர் மாற்றியதும் பிஎச் ஏறும், அமோனியத்தில் ஒரு பகுதி நச்சு அமோனியாவாக மாறும், மீனைக் கொல்ல அதுவே போதும். அதனால் வாரம் ஒருமுறை கேஎச் பாருங்கள். 4 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள். 1,400 லிட்டரில் கேஎச்சை 1 டிகிரி ஏற்ற 42 கிராம் சமையல் சோடா. ஒரு நாளில் 1 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஏற்கெனவே சரிந்துவிட்ட தொட்டி என்றால் முதலில் தீனியை நிறுத்தி, அமோனியாவைக் கட்டும் மருந்து போட்டு, தினம் 10 சதவீதமாக மட்டும் மாற்றுங்கள்.

நைட்ரைட் காட்டினால் லிட்டருக்கு 1 கிராம் அயோடின் சேராத உப்பு போடுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் நுழைவதைத் தடுக்கும்.

சண்டை வந்தால்

துடுப்பு ஓரம் கிழிவதும் கீறலும் தானே ஆறும். ஒரு மீன் மேல்மூலையில் அசையாமல் தொங்கிக்கொண்டு தீனிக்கும் வரவில்லை என்றால் அன்றைக்கே பிரிக்க வேண்டும். அடிபட்டதை மட்டும் எடுத்தால் அடித்த மீன் அடுத்த ஆளைத் தேடும். அதனால் அடித்ததை வெளியே எடுத்து இரண்டு வாரம் தனித்தொட்டியில் வைத்து, கட்டைகளை இடம் மாற்றிவிட்டு மறுபடி விடுங்கள். திரும்பவும் அதே கதை என்றால் அந்த மீன் கூட்டுக்கு ஆகாது. பெரிய தொட்டி உள்ளவரிடமோ கடையிலோ ஒப்படையுங்கள். குளத்திலோ ஆற்றிலோ மட்டும் விடாதீர்கள். ஒரு வேட்டை மீன் இனம் புது நீர்நிலையில் பரவிவிட்டால் அங்குள்ள உள்ளூர் மீன்களுக்கு மீட்சி இல்லை.

மின்வெட்டு

இவ்வளவு மீன் இருக்கும் தொட்டியில் காற்றோட்டம் நின்றால் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீரும். பீகாக் பாஸும் சில்வர் டாலரும் முதலில் திணறும், காற்றைக் குடிக்கும் பிச்சிர் கடைசி வரை தாங்கும். பேட்டரி ஏர் பம்ப் இரண்டு வைத்திருங்கள்: ஒன்று தொட்டிக்கு, ஒன்று சம்ப்பின் மீடியா அறைக்கு. துணைக்குக் கனிஸ்டர் ஃபில்டர் வைத்திருந்து அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால், மின்சாரம் வந்ததும் நேராக ஓடவிடாதீர்கள். மூடிய டப்பாவுக்குள் கெட்டுப்போன நீரைக் கொட்டிவிட்டு, மீடியாவைத் தொட்டி நீரில் அலசிய பிறகு ஓட்டுங்கள். அடுத்த இரண்டு நாள் தீனி கிடையாது. காலை மாலை அமோனியா சோதனை மட்டும்.